சுபாஸ்ரீயின் லாகின்

“என்ற பேர்ல ஒரு லாகின் வேணுங் சார்.”

தன் பெயருக்கு என்று கேட்டே விட்டாள் அம்மணி.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து இருக்கை நஸ்ரின் காதோடு சொல்லி வைத்திருந்தாள்: லீவு கேள், நாற்காலி மாற்றிக் கேள், ஏசியை அணைக்கச் சொல்லிச் சண்டை போடு, லாகின் மட்டும் கேட்காதே. ஏன் என்றதற்கு, “கைக்குன்னா கேக்குற? ஏன்னெல்லாம் கேக்காத, அவ்ளோதான்” என்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேனேஜர் அனந்தகிருஷ்ணன் டீயில் முக்கிய பிஸ்கட்டை எடுக்க மறந்தார். அது பாதியில் ஒடிந்து உள்ளே விழுந்தது.

“இப்ப எந்த லாகின்ல வேலை பண்றே?”

“சுபாஸ்ரீ லாகின்லங்.”

“வேலை நடக்குதா?”

“நடக்குதுங். ஆனா அவங்க செத்துப் போயிட்டாங்களே சார்.”

கண்ணாடிக் கதவு சாத்தித்தான் இருந்தது. இருந்தும் அவர் எழுந்து போய் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அந்த வார்த்தை நக்கோம்மா, வேணாம். இந்த ஆஃபீஸ்ல நக்கோ.” குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. “இந்த வாரக் கடைசியில பழைய சர்வரை மூடறோம். புதுசுல எல்லா யூசரையும் அப்படியே காப்பி பண்ணு. யார் யாருக்கு என்ன உரிமையோ அது அப்படியே போகணும். ஒண்ணு கூட்டாத, ஒண்ணு குறைக்காத.”

“சுபாஸ்ரீயையுமுங்களா?”

“அவளைத்தான் முதல்ல.”

அந்தத் தெலுங்கு நகரத்தின் சனத்நகர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் தண்ணீர்ப் பம்பு செய்துகொண்டிருந்த ஷெட் அது. லேத் எந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போன இடத்தில் சிமெண்டு பூசி, கணினிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மழை நாளில் தரையிலிருந்து இன்னும் எண்ணெய் வாடை எழும். நகரம் முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதுதான் இங்கே தொழில். எங்கோ ஒரு கிளையில், யாருக்கோ எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். அங்கிருந்து தெலுங்கிலோ இந்தியிலோ போன் வரும். அம்மணியின் நாற்காலியில் இருக்கிறவள் சிக்கெடுத்து அனுப்பிவிடுவாள். சிக்கெடுத்தது யார் என்று ரிப்போர்ட்டோடு ஒரு பெயர் பதிவாகும்.

சுபாஸ்ரீ என்று பதிவாகும்.

அந்தப் பெண் போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். தங்கள் டேட்டாபேஸைத் தொடுகிற ஆளுக்குப் பெயர் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும், தேர்வுகள் தேறியிருக்க வேண்டும் என்று லேப்காரர்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். சுபாஸ்ரீ தேறியிருந்தாள். பிறகு வந்தவர்கள் எல்லாம் தற்காலிகம். அதனால் அவள் போனதை லேப்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆள் கிடைத்ததும் சொல்லலாம் என்று முதலில் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நாற்காலிக்கு வருகிறவள் சுபாஸ்ரீயாக உள்ளே போவாள், போனில் சுபாஸ்ரீயாகப் பேசுவாள். “ஹலோ, சுபாஸ்ரீ.” சுபாஸ்ரீயின் பிறந்தநாளுக்கு ஒரு கிளையிலிருந்து கேக் வந்தது. அம்மணிதான் போனில் நன்றி சொன்னாள். ஷெட்டில் எல்லாரும் ஒரு துண்டு சாப்பிட்டார்கள். மேலே எழுதியிருந்த பெயரை மட்டும் யாரும் வெட்டவில்லை. அது அட்டையிலேயே காய்ந்து கிடந்து, மறுநாள் பெருக்க வந்தவர் எடுத்துப் போட்டார்.

அந்தியூர்ப் பக்கம் அம்மணியின் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. அப்பா செங்கல் லோடு ஏற்றுகிறவர். பள்ளியில் சேர்க்கப் போனபோது குழந்தை பேர் என்ன என்று வாத்தியார் கேட்க, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே அம்மணி என்று சொல்லிவிட்டார் அவர். அதுதான் எல்லாச் சான்றிதழிலும் ஏறியது. “அது கூப்புடறது, பேரு என்ன?” என்று கேட்காத ஆசிரியர் இல்லை, நேர்காணல் இல்லை. அதான் பேரு, அதான் பேரு என்று சொல்லிச் சொல்லி, யார் வாயைத் திறந்தாலும் சண்டைக்கு நிற்கிற ஒரு குணம் அவளுக்குள் ஊறிப்போயிருந்தது. அப்படிப்பட்டவள் தினம் காலையில் வேறொருத்தி பெயரை அடித்து, வேறொருத்தி எப்போதோ தனக்கென்று யோசித்து வைத்த பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனாள். ‘பில்லூ’ என்று தொடங்கும் அது. பில்லூ யார் என்று அவளுக்குத் தெரியாது. செத்தவளின் உள்பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டது போல ஒரு கூச்சம், இன்றுவரை போகவில்லை.

அனந்தகிருஷ்ணன் அறையிலிருந்து வந்ததும் வேலையைத் தொடங்கினாள். கஷ்டமான வேலை இல்லை. பழைய சர்வரில் இருக்கும் ஒவ்வொரு யூசரையும் பிடித்து, உனக்கு என்னென்ன உரிமை என்று கேட்க வேண்டும். இதைப் படிக்கலாம், இதில் எழுதலாம், இதை அழிக்கலாம் என்று அது வரிவரியாக ஒப்பிக்கும். அந்த வரிகளைப் புதிய சர்வரில் ஓட்டினால் அதே ஆள் அதே அதிகாரத்தோடு அங்கே எழுந்து நிற்பார். பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டியதுகூட இல்லை. அரைத்துக் குழைத்த எழுத்துக் குவியலாகத்தான் அது உள்ளே கிடக்கும். குவியலை அப்படியே அள்ளி வைத்துவிட்டால் பழைய சாவியே புதுப் பூட்டுக்கும் பொருந்தும்.

சொன்னபடி செய்கிற கை இல்லை அவளுடையது. ஒத்திகைக்கென்று எழுப்பியிருந்த புதிய சர்வரில் மற்ற எல்லாரையும் கொண்டுவந்தாள், சுபாஸ்ரீயை விட்டுவிட்டாள். அவள் இடத்தில் அம்மணி என்று ஒருத்தியை உண்டாக்கி, சுபாஸ்ரீக்கு இருந்த உரிமைகளை ஒன்று விடாமல் அவளுக்குக் கொடுத்தாள். பிறகு, சிக்கிய ரிப்போர்ட் ஒன்றை அனுப்பிப் பார்த்தாள்.

சிவப்பாக ஒரு வரி வந்தது. ஆங்கிலத்தில்தான் வந்தது. அம்மணி அதைத் தமிழில் வாய்விட்டுப் படித்தாள்.

“இந்த வேலை யாரோட அதிகாரத்துல நடக்கணுமோ, அந்த சுபாஸ்ரீங்கற ஆள் இல்லை.”

ஷெட்டில் கீபோர்டுச் சத்தம் நின்றது.

“மூடுடி அதை,” என்றாள் நஸ்ரின்.

“ஏனுங்க்கா, உள்ளதைத்தானுங்க சொல்லுது.”

டேட்டாபேஸுக்குள் சின்னச் சின்ன நிரல்கள் உண்டு. ரிப்போர்ட்டை அனுப்புவது, பிழையைத் திருத்துவது எல்லாம் அவைதான். எழுதியவர் யாரோ அவருடைய அதிகாரத்தில்தான் ஒவ்வொன்றும் ஓடும். முதலில் எழுதினவள் சுபாஸ்ரீ. அவள் போனபின் எழுதினவர்களும் சுபாஸ்ரீயாக உள்ளே போய்த்தான் எழுதினார்கள். அம்மணி எழுதியவைகூட சுபாஸ்ரீ எழுதியவைதான். இப்போது நகரத்தில் ஒரு கிளையிலாவது ஒரு ரிப்போர்ட் வெளியே வர வேண்டுமென்றால் சுபாஸ்ரீ இருந்தாக வேண்டும்.

இரண்டு வருஷமாக இந்த ஷெட்டில் யாரும் வாயால் சொல்லாததை, ஒரு எந்திரம் போட்டு உடைத்துவிட்டது.

“எனக்கு ஒண்ணும் பயமில்லைங்க்கா.”

“ஹவ், ஆமா, தெரியுது.”

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த வேலையில் இறங்கினாள். ஒரு யூசரை எடுப்பதற்கு முன், அந்தப் பெயரில் இப்போது யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பழைய சர்வரில் பார்த்துவிட வேண்டும். பார்த்தாள்.

சுபாஸ்ரீ இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள்.

ஒருத்தி அம்மணி. இன்னொருத்தி யார்? இந்த டேட்டாபேஸுக்குப் பேர் மட்டும் போதாது, ஊரும் வேண்டும். எந்த இடத்திலிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்துத்தான் ஒரு ஆளாக அது கணக்கு வைக்கும். ஆஃபீஸிலிருந்து வரும் சுபாஸ்ரீ ஒரு ஆள். அதன் கீழேயே ஊரடங்குக் காலத்தில் உண்டாக்கிய இன்னொரு ஆள் இருந்தாள்: வீட்டிலிருந்து வரும் சுபாஸ்ரீ. அவள்தான் இப்போது உள்ளே இருந்தாள். நல்ல பகல் வெளிச்சத்தில், ஏசி உறுமிக்கொண்டிருக்கையில், நஸ்ரின் தயிர் சாத டப்பாவைத் திறந்துகொண்டிருக்கையில், சுபாஸ்ரீ தன் வீட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்தாள்.

“அக்கா, இதைப் பாருங்க.”

நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். ஸ்பூனை டப்பாவுக்குள் வைத்தாள். “யா அல்லா” என்று மட்டும் சொன்னாள். இப்படி ஒருத்தி உள்ளே இருப்பது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அம்மணி அந்த இணைப்பை வெட்டினாள். வரி மறைந்தது. மூச்சு விடுவதற்குள் மறுபடி வந்து நின்றது. மறுபடி வெட்டினாள். மறுபடி வந்தது. வெளியே தள்ளத் தள்ளச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறவள் போல, அவசரமில்லாமல், வந்து வந்து நின்றது.

மேஜையில் போன் அடித்தது. பழக்கத்தில் கை எடுத்துவிட்டது, வாய் சொல்லிவிட்டது.

“ஹலோ, சுபாஸ்ரீ.”

எதிர்ப்பக்கத்தில் ஒரு மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. அப்புறம் ஒரு ஆண்குரல், வயதான குரல், தமிழில்:

“நான் சுபாவோட அப்பா பேசறேன்மா.”

அம்மணி ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

“ஒண்ணுமில்ல. சுபா போயிப் போயி வரா இன்னைக்கு. என்னா ஆச்சுன்னு கேக்கலாம்னு. ஆஃபீஸ்ல கரண்ட் இல்லையா?”

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அல்வாலில் இருந்த சுபாஸ்ரீ வீட்டுக்குப் போனாள். விலாசம் நஸ்ரின் கொடுத்தாள், கூட வர மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். லோத்குண்டாவைத் தாண்டும்வரை ஒரு பக்கம் ராணுவத்துச் சுவர் முடியாமல் வந்துகொண்டே இருந்தது. பேருந்தில் நின்றபடி அம்மணி சண்டைக்குச் சொற்களைச் சேகரித்துக்கொண்டாள். கம்பெனி லேப்டாப்பை வைத்துக்கொண்டு எதற்கு நோண்டுகிறீர்கள், அதில் மனுஷங்களுடைய ரத்த ரிப்போர்ட் இருக்கிறது, தெரியுமா. அந்த லேப்டாப்பைக் கம்பெனி ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கேட்டால், ஏன் கேட்கிறோம் என்று எங்காவது எழுத வேண்டியிருக்கும்.

கதவைத் திறந்தவர் சுபாஸ்ரீயின் அப்பா, தேவராஜ். ராணுவத்துப் பண்டசாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டன் காலத்தில் பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். சட்டையை இஸ்திரி போட்டு, பட்டனெல்லாம் போட்டு, எங்கோ கிளம்புகிறவர் போல இருந்தார். ஆனால் எங்கும் கிளம்பவில்லை.

“போன்ல பேசுன பொண்ணா? வா, வா. புஷ்பா, சுபா ஆஃபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க.”

சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்கும் மருந்து டப்பாவுக்கும் நடுவில், லேப்டாப் திறந்திருந்தது. திரையில் சின்னதாக ஒரு ஜன்னல். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டுவதற்கு சுபாஸ்ரீ தனக்காக எழுதிக்கொண்டது. ஆஃபீஸிலிருந்து யார் உள்ளே வந்தாலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும்.

“நான் ஒண்ணும் தொடறதில்லம்மா. பாக்கறதுதான். காலைல பத்து மணிக்கு வந்துடுவா. சாப்பாட்டு நேரம் கொஞ்சம் அணையும். ஆறு மணிக்குக் கிளம்பிடுவா. இப்பகூட ஆஃபீஸ்லதான் இருக்கா, பாரு.”

அம்மணி பார்த்தாள். சுபாஸ்ரீ. பச்சை எரிந்துகொண்டிருந்தது. தான் இங்கே, இந்த மேஜையருகில், கைப்பையோடு நிற்கிறாள். அங்கே, தான் எழுந்து வந்த நாற்காலியில், சுபாஸ்ரீ உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். கிளம்பும் அவசரத்தில் லாகினை மூடாமல் வந்துவிட்டோம் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் ஞாபகம் வந்தது. வந்தும், அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதாகவே பட்டது.

“அது நான்தானுங்கய்யா,” என்றாள். எத்தனையோ சேகரித்து வந்தவளுக்கு அவ்வளவுதான் வந்தது.

“தெரியும்மா. நான் என்னா பைத்தியமா? வேற யாரோ பொண்ணுன்னு தெரியும்.” அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பத்து நிமிஷம் லேட்டா வந்தா, என்னாடி இதுன்னு திட்டுவேன். அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.”

“போன மாசம் ரெண்டு நாள் வரலையே நீ,” என்றது உள்ளிருந்து வந்த குரல். புஷ்பா, சுபாஸ்ரீயின் அம்மா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“காய்ச்சலுங்.”

அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார். “காய்ச்சலாத்தான் இருக்கும்னு சொன்னாரு. ரெண்டு நாளும் பச்சத் தண்ணி குடிக்கல. மூணாம் நாள் பச்சை எரிஞ்சப்பறம்தான் எந்திரிச்சாரு.”

மேஜைக்கடியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை குதித்து நாற்காலியில் ஏறி, கீபோர்டில் காலை வைக்கப் போனது.

“பில்லூ, நக்கோ,” என்று அதட்டினார் தேவராஜ்.

அம்மணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தினம் காலையில் அவள் விரல்கள் கூப்பிட்ட பெயர் அது. கூப்பிட்டது இந்தக் கிழட்டுப் பூனையை.

“உன் பேர் என்னம்மா?” என்றார் அவர், முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்து.

“அம்மணிங்.”

“அது கூப்பிடறது. பேரு?”

எப்போதும் வருகிற கோபம் வரவில்லை. “அதானுங்கய்யா பேரு,” என்றாள் மெதுவாக.

“புது சர்வர் வருதாமே? ஜன்னல்ல நேத்து ஒரு அறிவிப்பு வந்துச்சு. அதுலயும் சுபா இருப்பால்ல?”

அவள் செருப்பை மாட்டக் கிளம்பினாள். புஷ்பா வாசல்வரை வந்தார். கேட்டைத் திறந்துவிட்டு, திறந்த கையை எடுக்காமல் நின்றார்.

“தலை வருஷத் திதிக்கு ஐயரு வந்து உக்காந்திருக்காரு. எள்ளும் தண்ணியும் விட்டுட்டு இவரு நிமிந்து பாக்கறாரு, பொட்டி பச்சையா எரியுது. ‘இருக்கறவளுக்கு எப்படி விடறது’ன்னு எந்திரிச்சுட்டாரு. பாதியில நின்னுது. அந்தப் பாதியிலதான் நாங்க ரெண்டு பேரும் இருக்கோம் இன்னும்.” குரலைத் தாழ்த்தினார். “எனக்கு என் பொண்ணு செத்துப் போனான்னு ஒரு நாளாவது ஒக்காந்து அழணும்மா. தினம் பத்து மணிக்கு வேலைக்குப் போறாளே, எப்படி அழறது?”

திரும்பும் வழியில் அந்தச் சுவர் மறுபக்கமாக வந்தது. தன் பெயர் வேண்டும் என்று மட்டும்தான் அம்மணி கேட்டிருந்தாள். கொடுக்கப்படாத பெயருக்காகக் கொதித்தவளுக்கு, எடுக்கப்படாத பெயர் ஒன்றும் கூடவே கிடக்கிறது என்பது இதுவரை உறைத்திருக்கவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டார். அவரிடம் எதற்கோ எரிந்து விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளைகள் மூடியபின் மாற்றத் தொடங்கினார்கள். அனந்தகிருஷ்ணன் சர்வர் அறைக்கும் டீக்கடைக்குமாக நடந்துகொண்டிருந்தார். “எல்லாம் அப்படியே போச்சா?” என்று கேட்டார். “போயிட்டிருக்குதுங்” என்றாள் அம்மணி. பொய்யில்லை.

சுபாஸ்ரீயை முதலில் கொண்டுவந்தாள். அவர் சொன்னது அது. வேறு வழியும் இல்லை: ஒத்திகையில் போல எல்லாம் திறந்து கிடக்காத அசல் சர்வரில், தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. சுபாஸ்ரீயிடம் எல்லாம் இருந்தது. தன்னுடையதைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் இருந்தது. அம்மணி கடைசித் தடவையாக பில்லூவைக் கூப்பிட்டு உள்ளே போனாள். சுபாஸ்ரீயாக உட்கார்ந்து, அம்மணி என்று ஒருத்தியை உண்டாக்கி, உன்னால் முடியும், உன்னால் முடியும் என்று ஒவ்வொரு வரியாக அவளுக்குக் கொடுத்தாள். கொடுத்தது யார் என்று கேட்டால் சுபாஸ்ரீதான் கொடுத்தாள். கை அம்மணியுடையதாக இருந்தாலும், அந்த மதியத்தில் பக்கத்தில் யாரோ நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்து, சரி, இதையும் எடுத்துக்கோ என்று சொல்வது போலத்தான் அவளுக்கு இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அம்மணியாக உள்ளே வந்தாள். முதல்முறையாகத் திரையில் தன் பெயரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. நிரல்கள் எல்லாவற்றையும் சுபாஸ்ரீ பெயரிலிருந்து கழற்றி, யாரும் உள்ளே வர முடியாதபடி பூட்டிய, மனிதப் பெயரில்லாத ஒரு கணக்கின்கீழ் கட்டினாள். எந்த மனுஷி இருந்தாலும் போனாலும் ரிப்போர்ட் வெளியே வரும். சிக்கிய ஒன்றை அனுப்பிப் பார்த்தாள். போயிற்று. சிவப்பு வரி வரவில்லை.

அதன்பின் ஆஃபீஸ் சுபாஸ்ரீயை எடுத்தாள். வீட்டுச் சுபாஸ்ரீயையும் எடுத்தாள். கிளம்பும்முன் லேப் நிறுவனத்து அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல்: பயனர் கணக்குகள் மாற்றப்பட்டன, சுபாஸ்ரீயின் கணக்கு நீக்கப்பட்டது, ஏனென்றால் அவர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துவிட்டார். கீழே தன் பெயரைப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி தாண்டியதும் மேஜைப் போன் அடித்தது.

“ஹலோ, அம்மணி.”

மின்விசிறி ஓசை. “சிவப்பா ஏதோ வருதும்மா,” என்றார் தேவராஜ். “இங்கிலீஷ்ல. அனுமதி இல்லன்னு போட்டிருக்கு. உள்ள விட மாட்டேங்குது.”

“ஆமாங்கய்யா.”

“சாயங்காலம் சரியாயிடுமா?”

நஸ்ரின் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். அனந்தகிருஷ்ணன் அறைக் கதவைத் திறந்துகொண்டு, கையில் போனோடு, முகமெல்லாம் வெளிறி வந்துகொண்டிருந்தார். லேப்காரர்கள் அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அம்மணி குரலைத் தாழ்த்தவில்லை. ஷெட்டின் கடைசி மேஜைவரை கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

“சரியாகாதுங்கய்யா. சுபாஸ்ரீ இங்க இல்லைங். அவங்க செத்துப் போயிட்டாங்க.”

போனில் தொலைவில் ஒரு பெண்குரல் ‘என்னாச்சு, என்னா சொல்றாங்க’ என்று கேட்பது மெல்ல விழுந்தது.

“ஹவ்,” என்றார் அவர். “ஹவ்மா, ஆமா.”

போனை வைக்கும் முன், அந்தப் பெண்குரல் அழத் தொடங்கியது அம்மணிக்குக் கேட்டது. இரண்டு வருஷத்து அழுகை அது, சிறியதாக இல்லை.

“என்னா பண்ணி வச்சிருக்கே?” என்றார் அனந்தகிருஷ்ணன். “கேட்டேன்ல, எல்லாம் அப்படியே போச்சான்னு? ஒருத்தி பேரை எடுத்துட்டு இன்னொருத்தி பேரை வச்சிருக்கே. அவங்க என்னைக் கிழிக்கறாங்க.”

“கிழிக்கட்டும் சார். என்ற வேலை முடிஞ்சுதுங்.” அவள் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு இரவு விடுதி அறையில் மெத்தையைக்கூடச் சுருட்டி வைத்துவிட்டிருந்தாள்.

அவர் பையைக் கவனித்தார். குரல் இறங்கியது. “இரும்மா. உன் பேர்லதானே கேட்டே? வச்சுக்க. நான் பேசி அனுமதி வாங்கறேன். உக்காரு.”

அம்மணி ஜிப்பை இழுத்து மூடினாள்.

“சரி, போறதுன்னா போ,” என்றார் அவர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. “லாகினை மட்டும் அப்படியே விட்டுட்டுப் போ. பாஸ்வேர்டை நஸ்ரின்கிட்ட சொல்லிடு. அடுத்து வர்ற பொண்ணு அதுலயே பண்ணிக்கட்டும்.”

நஸ்ரின்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பா, விக்கலா என்று தெரியாத ஒரு சத்தம். அனந்தகிருஷ்ணனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது விளங்கவே இல்லை. அம்மணிக்கு விளங்கியது. எவளோ ஒருத்தி, சித்தூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ, வீட்டில் முதல் பட்டம் வாங்கி வந்தவள், இந்த நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்து, ‘ஹலோ, அம்மணி’ என்பாள். அந்தியூரில் அம்மணியின் அப்பாவுக்கு என்றைக்காவது அந்தக் குரல் கேட்கும்.

நின்றபடியே குனிந்து, ஒரு வரி அடித்தாள். அம்மணி என்ற யூசரை நீக்கு.

நீங்கிற்று.

ஆனால் இந்த டேட்டாபேஸ் அப்படியொன்றும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாது. பெயரை அழித்த பிறகும், உள்ளே இருக்கிறவர் தானாக வெளியே போகும்வரை இருக்கலாம். போனால் மட்டும் திரும்ப வர முடியாது. ஆக அவள் இன்னும் உள்ளேதான் இருந்தாள், பெயரில்லாமல், வெறும் ஒரு வரியாக. சுபாஸ்ரீயும் இப்படித்தான் இருந்திருப்பாள். கர்சர் அணைந்து எரிந்தது.

மேஜையில் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. லாகினை மூடினாள், பையைத் தோளில் மாட்டினாள், பழைய எண்ணெய் வாடைமேல் நடந்தாள். அனந்தகிருஷ்ணன் ஏதோ சொன்னார்.

பின்னால் நஸ்ரின் போனை எடுத்தாள்.

“ஹலோ, நஸ்ரின்.” ரிசீவரைத் தோளில் இடுக்கினாள். “சுபாஸ்ரீயா? இல்லீங்க. இல்ல.”

அம்மணி தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வெயிலுக்குள் போனாள்.